இடம் மாற்றிக் குத்திய குண்டூசிகள்

முன்பின் தெரியாத ஆள் யாராவது வணக்கம் சொன்னால்கூட, இவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தெயனிரா ஊசுகா பதில் வணக்கம் சொல்வாள். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால், கோயில் கூரைக்கு நன்கொடை கேட்கப் போகிறார் என்று பக்கத்தில் இருப்பவள் காதில் சொல்வாள். அடுத்த வாரமே கேட்கவும் செய்வார். தேர்தலுக்கு நின்ற ஒருவர் ஒருமுறை அவளைக் கட்டித் தழுவினார். அவர் போனதும் முதல் வேலையாகப் பாவாடைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் குணத்துக்காகத்தான் குவாமல் மலையில் எங்கள் மேல்சந்துக்காரர்கள் பத்தொன்பது வருஷம் அவளையே கமிட்டித் தலைவியாக வைத்திருந்தார்கள். மற்ற சந்துகளில் பேச்சு வல்லவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் கீழே நகரத்துக்குப் போய் நன்றாகப் பேசினார்கள், திரும்பி வரும்போது எதையாவது விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார்கள். தெயனிரா பேசமாட்டாள். கையெழுத்தும் போடமாட்டாள். அதனாலேயே எங்கள் சந்து நின்றது.

அவள் மலைக்கு வந்தது பத்தொன்பது வயதில், கைக்குழந்தையோடு, துப்பாக்கிக்காரர்கள் காலி செய்யச் சொன்ன ஊரிலிருந்து. முதலில் தகரக் குடிசை. அந்தக் காலத்தில் சாலை போடுகிறோம் என்று சிலர் வந்து, சிவப்புப் பெயின்டால் சுவர்களில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எண் விழுந்த வீடுகள் ஆறு மாதத்தில் இடிந்தன, எண் விழாத வீடுகள் நின்றன. சாலை இன்றுவரை வரவில்லை. அன்றைக்குத் தெயனிரா ஈரப் போர்வையைச் சுவர்மேல் காயப்போட்டிருந்ததால் அவள் குடிசை அவர்கள் கண்ணில் படவில்லை. குறி போட்டது போகும், குறி போடாதது நிற்கும் என்பது அன்று அவள் மனதில் பதிந்தது. மின்சாரக் கணக்கு எடுப்பவர்கள் வந்தாலும் இதே பாடம்தான். சந்தே கொக்கி போட்டு இழுத்த வெளிச்சத்தில் இருந்தது. அதனால் அவர்கள் தலை தெரிந்ததுமே பதினோரு வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். தெயனிரா மட்டும் முன்னால் வந்து, "இங்க யாரும் குடியில்லீங்க, கோழி அடைக்கிற கொட்டகை" என்பாள்.

பிறகு தையல் மெஷின் வாங்கினாள். பள்ளிச் சீருடை தைத்தாள். தைத்துச் சேர்த்ததில் காற்று வாங்கினாள். எங்கள் மலையில் நிலம் வாங்க வக்கில்லாதவர்கள் வாங்குவது காற்றைத்தான். ஒருவர் வீட்டுத் தளத்துக்கு மேலே இருக்கிற வெற்றிடத்தை விலை பேசி, அதன்மேல் தன் வீட்டைக் கட்டிக்கொள்வது. கீழ்வீட்டுக்காரர் ஏவெலியோ இரண்டு பன்றிக்கும், தன் மகளின் கல்யாண உடுப்பைத் தைத்துத் தருவதற்கும் ஒப்புக்கொண்டு காற்றைக் கொடுத்தார். நிலப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. தெயனிராவிடம் இருந்தது நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாளும் இரண்டு கைநாட்டும். கீழே இருக்கிற வீடு போனால் அவளுடையது வெறும் காற்று. இதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் நூலகம் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கட்டடத்தை வரைபவள் பெயர் ஹிமெனா. தலைநகரத்துப் பெண், முப்பது வயது இருக்கும், மழைக்காலப் பூட்ஸ் போட்டுக்கொண்டு மலையேறி வந்தாள். படித்தவர் யாராக இருந்தாலும் எங்களுக்கு டாக்டர்தான், அதனால் அவளும் டாக்டரம்மா ஆனாள். கொடுத்த வெல்லத்தண்ணியைக் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டாள்.

"ரெண்டாவது தம்ளர் கேக்குறா பாத்தியா?" என்றாள் தெயனிரா, வறுத்த வாழைக்காய் விற்கிற நூபியாவிடம். "பெருசா ஏதோ கேக்கப் போறா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். ஹிமெனா மேசைமேல் ஒரு காய்ந்த பீர்க்கங்கூட்டை வைத்தாள்.

"இத வெச்சு நாங்க முதுகு தேய்ப்போம்," என்றாள் தெயனிரா. "நீங்க கட்டடம் கட்டுவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள், ஹிமெனாவும்தான். கூட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். "இதுல தூண் எங்கயாவது இருக்கா பாருங்க. எல்லாம் சின்னச் சின்ன அறை. ஒவ்வொரு அறையும் பக்கத்து அறையோட சுவரையே தன் சுவரா வெச்சுக்குது. அதனாலதான் இவ்வளவு லேசா இருந்தும் நசுங்கல. இலைக்குள்ள, தும்பி றெக்கைக்குள்ள, நம்ம தோலுக்குள்ள எல்லாமே இப்படி செல் செல்லாத்தான் இருக்கு. நூலகத்தையும் அப்படித்தான் வளக்கப் போறோம். ஒரு பெரிய பெட்டியக் கொண்டாந்து மலை மேல வெக்கப் போறதில்ல."

"வளக்கப் போறீங்களா? அப்ப அது எதத் தின்னு வளரும்?"

இந்தமுறை ஹிமெனா சிரிக்கவில்லை. "சரியான கேள்வி. அதுக்குத்தான் உங்க உதவி வேணும்," என்று வரைபடத்தை விரித்தாள். அதில் எங்கள் மலை முழுக்கப் பச்சையாக இருந்தது. கீழே நகரத்துக் கணக்கில் நாங்கள் காடு. வீட்டுக்கு ஒரு குண்டூசி கொடுத்தாள். பகலில் அதிக நேரம் எங்கே இருக்கிறீர்களோ அங்கே குத்துங்கள் என்றாள். ஒவ்வோர் ஊசியும் ஒரு விதை. கம்ப்யூட்டர் அதைச் சுற்றி ஒரு செல் வரையும், இரண்டு ஊசிக்கு நடுவில் பாதி தூரத்தில் சுவர் விழும்.

"ஊசி நெருக்கமா இருக்கிற இடத்துல ஜனங்க வாழுறாங்கன்னு அர்த்தம். அங்க நாங்க தொடமாட்டோம், பக்கத்துல சின்ன வாசிப்பு அறையா ஒட்டி வரும். ஊசியே இல்லாத இடம் காலி இடம். பெரிய கூடம், படிக்கட்டு எல்லாம் அங்க வரும்."

உள்ளதை உள்ளபடி சொன்னாள், பாவம். அவள் பொய் சொல்லியிருந்தால் தெயனிரா அதிலிருந்தே உண்மையைக் கண்டுபிடித்திருப்பாள். உண்மையை நேராக முகத்துக்கு முன்னால் வைத்தால் அவளுக்கு அது தெரியாது.

"தொடமாட்டேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் கை எங்க இருக்குன்னு பாரு," என்று மேல்சந்துக்காரர்களை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "அன்னைக்குப் பெயின்டு, இன்னைக்குக் குண்டூசி. நாமளே நம்ம வீட்ட காட்டிக் குடுக்கணுமாம். ஒருத்தரும் சந்துல குத்தாதீங்க. எல்லாரும் தண்ணித்தொட்டி மேட்டுல குத்துங்க. அங்க எடுக்கிறதுக்குக் குளவிக்கூடு தவிர ஒண்ணுமில்ல."

பதினோரு ஊசியும் தொட்டி மேட்டில் போய் நின்றது. ஹிமெனா புருவத்தை உயர்த்தினாள். "நீங்க எல்லாருமே பகல் பூரா அங்கதான் இருப்பீங்களா?"

"காத்து நல்லா வரும்மா," என்றார் ஏவெலியோ, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

மறுவாரம் சரிபார்க்க ஹிமெனாவின் ஆட்கள் இரண்டு பேர் காகிதமும் கையுமாகச் சந்துக்கு வந்தார்கள். கதவுகள் எல்லாம் வழக்கம்போலச் சாத்திக்கொண்டன. தெயனிரா முன்னால் போய் நின்றாள்.

"இங்க யாரும் குடியில்லீங்க. கோழிக் கொட்டகை."

"கோழி எங்கம்மா?"

"மேயப் போயிருக்கு."

அன்று மாலை சந்து முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இரண்டு மாதம் கழித்துக் கோயில் கூடத்தில் மாதிரியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளைச் சாந்தில் செய்திருந்தார்கள். மலைச்சரிவில் செல் செல்லாகப் படர்ந்து, ஒன்றுக்கொன்று சுவர் கொடுத்து, வெளிச்சம் போக ஓட்டைகளோடு இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததே தெயனிராவுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். தொட்டி மேட்டில் பதினோரு குட்டி வாசிப்பு அறைகள், ஒவ்வொன்றுக்கும் பெஞ்சு, எல்லாம் காற்று வரும் பக்கம் பார்த்தபடி. பகல் பூராவும் அங்கே உட்காருகிறவர்களுக்காக.

சந்தைத் தேடினாள். சந்து இருக்க வேண்டிய இடத்தில் அகலமான படிக்கட்டு ஒன்று மழமழவென்று இறங்கிப் போனது. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: கோழிக் கொட்டகைகள், பதினொன்று, அகற்றப்படும்.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். போய் ஹிமெனாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இது என் வீடு."

"கொட்டகைன்னுல்ல எழுதியிருக்கு, தெயனிராம்மா."

"எழுதினது நீங்க."

"சொன்னது நீங்க."

தெயனிரா எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, தொட்டி மேடு, கோழி, எதையும் விடவில்லை. வாழ்க்கையில் ஓர் அதிகாரத்துக்கு முன்னால் அவள் முழு உண்மையைச் சொன்னது அதுவே முதல் தடவை. ஹிமெனா கேட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை தெயனிராவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பால்காரனை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"அன்னைக்கு ஒருத்தரும் இல்லன்னு சொன்னீங்க. இன்னைக்குப் பதினோரு குடும்பம்ங்கிறீங்க. நஷ்டஈடு வரும்னு தெரிஞ்சா ராத்திரியோட ராத்திரியா கொட்டகைக்குள்ள ஆள ஏத்துறது எல்லா மலையிலயும் நடக்குது. நான் எத நம்புறது?"

"நான் பொய் சொல்லல டாக்டரம்மா."

"சொல்லியிருக்கீங்களே." பிறகு அவள் குரல் இறங்கியது. "திங்கக்கிழமை வரைபடம் கீழ போகுது. அதுக்கப்புறம் என் கையில இல்ல. பதினோரு வீட்டுக்காரங்களும் வந்து அவங்கவங்க கையால ஊசிய மாத்திக் குத்தட்டும். இல்லன்னா அங்க ஜனங்க இருக்காங்கன்னு நான் என் கண்ணால பாக்கணும்."

அன்றே தெயனிரா வீடு வீடாகப் போனாள். நூபியா அடுப்பிலிருந்து நிமிராமல் கேட்டாள்: "எவ்வளவு குடுத்தாங்க?"

"என்னது?"

"ஊசி வெக்காதேன்னு சொன்ன வாய், வெய்னு சொல்லுதே. சும்மாவா சொல்லும்?"

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். சிலர் சிரித்தார்கள், சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மலையில் யாரையும் கேட்கவேண்டாம். கடைசியாக ஏவெலியோ.

"ஏம்மா தெயனிரா, ரெண்டு மாசம் முன்னாடி காட்டாதேன்னே. இப்பக் காட்டுங்கிற. எந்த தெயனிரா சொல்றத நான் கேக்குறது?"

"வீடு போயிடும்ணே."

"காட்டினா போயிடும்னு நீதானே சொன்ன? நல்லா யோசிச்சுத்தானே சொன்ன?" அவர் குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். "அப்படியே போனாலும் எனக்குப் பத்திரம் இருக்கு, ஏதோ தருவாங்க. உனக்குத்தான் பாவம்."

தன் வீட்டுக்கு ஏறிப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் அவர்கள்மேல் இல்லை. அவர்கள் ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அவள் சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் மலையில் படிக்கட்டு, சாக்கடை, தளம் எதையும் அரசாங்கம் போட்டுத் தந்ததில்லை. எல்லாம் கொன்வீத்தே என்கிற கூட்டு உழைப்புதான் போட்டது. கமிட்டித் தலைவர் கூப்பிட்டால் சந்து முழுவதும் ஒன்றுசேர்ந்து ஒருநாள் கூலியில்லாமல் உழைக்கும். நடுச்சந்தில் ஒரே அடுப்பு, ஒரே பெரிய பானை. வீட்டுக்கு ஒரு காய், மரவள்ளியோ வாழைக்காயோ உருளையோ, வந்து பானையில் விழ வேண்டும். அவரவர் தட்டை அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வரவேண்டும். ஆறு மாதமாகப் பேசாதவர்கள்கூட அன்று வருவார்கள். அடுப்புப் புகை எழும்பியபின் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது, செத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பதைவிடப் பெரிய அவமானம்.

"நாளைக்குச் சாக்கடைக்கு மூடி போடுறோம்," என்று சந்து முழுக்கச் சொல்லி அனுப்பினாள். ஹிமெனாவுக்குத் தனியாகச் சொல்லி அனுப்பினாள். விடிந்ததும் பின்பக்கப் பாதை வழியாக வரவேண்டும், யார் கண்ணிலும் படக்கூடாது.

ஹிமெனா வந்தாள். தெயனிரா அவளைத் தையல் மெஷினுக்குப் பின்னால், ஜன்னல் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தாள்.

"அவங்களுக்குத் தெரியாமலா எண்ணச் சொல்றீங்க?" ஹிமெனாவுக்கு மனம் ஒப்பவில்லை. "இது சரியில்லையே. நான் கீழ வந்து எல்லார்கிட்டயும் பேசுறேனே."

"உங்க பூட்ஸப் பாத்தா பதினோரு கதவும் சாத்திக்கும். அப்புறம் நீங்க கோழியத்தான் எண்ணணும்."

"ஏமாத்துற மாதிரி இருக்கு."

"சரி தப்பெல்லாம் நிலத்துல வீடு இருக்கிறவங்களுக்கு, டாக்டரம்மா. எண்ணுங்க."

அன்று நல்ல வெயில். ஆண்கள் சிமென்ட் குழைத்தார்கள், பெண்கள் கம்பி வளைத்தார்கள், ஏவெலியோ வழக்கம்போல வேலை செய்யாமல் எல்லாருக்கும் வேலை சொன்னார். மதியம் பானை கொதித்து, கொத்தமல்லி வாசம் சந்தில் இறங்கியதும் தெயனிரா கரண்டியால் பானை மூடியைத் தட்டினாள். பதினோரு கதவும் திறந்தன. தட்டும் கையுமாக ஒவ்வொரு கதவிலிருந்தும் ஜனங்கள் இறங்கி வந்தார்கள். கைக்குழந்தைகள், நடக்கமுடியாத பெரியவர் ஒருவர் நாற்காலியோடு, நூபியாவின் நான்கு பெண்கள். நாற்பத்து மூன்று தட்டு. தெயனிரா ஒவ்வொரு தட்டையும் நிரப்பினாள். ஒருதடவைகூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. நூபியாவின் கடைசிப் பெண் இரண்டாவது தடவை வந்து இன்னும் கொஞ்சம் என்றபோது மட்டும் அவளுக்குக் கரண்டி நழுவியது.

திங்கட்கிழமை வரைபடம் கீழே போகவில்லை. ஹிமெனா மூன்று வாரம் தவணை வாங்கினாள், பதினோரு ஊசியையும் சந்தில் குத்தி எல்லாவற்றையும் மறுபடி வளரவிட்டாள். பெரிய கூடம் ஏழு சின்ன அறைகளாக உடைந்தது. படிக்கட்டு வளைந்து சந்தைச் சுற்றிப் போனது. நூபியா வீட்டு அடுப்படிச் சுவரே கடைசி வாசிப்பு அறைக்கும் சுவர் ஆனது. இடிப்பதற்கு ஒரு வீடுகூட இல்லை.

புது வரைபடத்தைக் கோயில் கூடத்தில் மாட்டினார்கள். மேல்சந்து முழுக்கப் போய்ப் பார்த்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் பெயரும் ஆள் கணக்கும் எழுதியிருந்தார்கள். முதலில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான், ஒருவர் பெயரை ஒருவர் தேடிக் காட்டினார்கள். ஏவெலியோ தன் வீட்டின்மேல் விரலை வைத்து நின்றார்.

"ஆறு பேருன்னு போட்டிருக்கு."

"சரிதானே அப்பா," என்றாள் மகள்.

"நாம அஞ்சு பேரும்மா. ஆறாவது உன் புருஷன். அவன் வேலை பாக்குற ஊர்லேருந்து வந்ததே அந்தச் சனிக்கிழமை ஒரு நாள்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டு சாயங்காலம் பஸ் ஏறிட்டான்."

ஒவ்வொருவராகத் தெயனிராவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீடு நிக்குதுல்ல?" என்றாள் அவள். "எல்லாருக்கும் நிக்குதுல்ல?"

"நிக்குது," என்றார் ஏவெலியோ. அவர் குரலில் கோபமே இல்லை. "சோத்தப் போட்டு எண்ணிட்டியே, தெயனிரா."

அந்த வருஷக் கமிட்டித் தேர்தலில் அவளுக்கு இரண்டு வோட்டு விழுந்தது. ஒன்று அவள் போட்டது. இன்னொன்றை யார் போட்டது, எதற்காகப் போட்டிருப்பார்கள் என்று அவள் பல நாள் யோசித்தாள். அவள் கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்குச் சந்தில் மூன்று கணக்கு உலவியது. அவள் எதையும் மறுக்கவில்லை. வேறு ஒருத்தி இதைச் செய்திருந்தால் நான்காவது கணக்கைத் தெயனிராவே கிளப்பியிருப்பாள்.

நூலகம் திறந்து ஒரு வருஷம் ஆனபின் நூபியா தன் வீட்டுக்கு மேல்தளம் போட்டாள். கொன்வீத்தே கூப்பிட்டார்கள். தெயனிராவைத் தனியாக யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டியதும் இல்லை, புகை எழுந்தால் போக வேண்டியதுதான். நான்கு கிழங்கு மரவள்ளியைத் தோல் சீவி எடுத்துப்போனாள். வாங்கிப் பானையில் போட்டார்கள். மதியம்வரை எல்லாரோடும் சிமென்ட் சுமந்தாள். மூடி தட்டியதும் தட்டோடு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற ஏவெலியோ திரும்பினார்.

"இன்னைக்கு எண்ணுறது யாரு?"

"யாருமில்லண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமாண்ணே."

அவர் தலையாட்டிக்கொண்டார். நம்பியது போலத்தான் இருந்தது. பிறகு தட்டை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்தவரும் அப்படியே செய்தார். கொன்வீத்தே சாப்பாட்டை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டு எங்கள் மலையில் நான் பார்த்ததில்லை. நூபியாவும் தன் பெண்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். பத்துக் கதவு சாத்திய சந்தில், பானைக்குப் பக்கத்தில் நின்று தெயனிரா தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.